வியாழக்கிழமைக்கு மூன்று நாள்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்த பிறகும் என் மகள் சுஜிதாவை அவள் ஆபீஸ் லேப்டாப் உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டைப் போட்டாள், தப்பு என்றது. மறுபடி போட்டாள், மறுபடியும் தப்பு என்றது. மூன்றாவது தடவை அவள் போடவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நெட்வொர்க்கா இருக்கும்டி" என்றேன்.

நான் சொன்னது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. எங்கள் ஊர் வட்டக்கானலில் மூன்று நாளாக விடாத மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. போனில் ஒரு கோடு சிக்னல் வந்தாலே பெரிய விஷயம். ஆனால் நாலு வருஷத்தில் அவளுக்கு இது மூன்றாவது கம்பெனி. முதல் கம்பெனியில் ஒரு மெயிலோடு கதையை முடித்தார்கள். இரண்டாவதில் இருநூறு பேரை ஒரே வீடியோ காலில் கூப்பிட்டு, எல்லார் மைக்கையும் அடைத்துவிட்டு, ஒருத்தன் எழுதி வைத்ததைப் பார்த்துப் படித்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த லேப்டாப்பைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்திருப்பேன். அதையும் அவனே கூரியரில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டான். இந்த மூன்றாவதில் சேர்ந்த நாளிலிருந்து என் மகள் வெள்ளனே எழுந்து முதல் வேலையாக லேப்டாப்பைத்தான் திறப்பாள். அது திறந்தால்தான் பல் தேய்க்கப் போவாள்.

"நெட்வொர்க் இல்லன்னா வேற மாதிரி சொல்லும்மா. பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லாது."

"ஆமா, நீ பெரிய இவ. மழை பேஞ்சா அதுக்கும் புத்தி கெட்டுப்போகும். எந்திரி, சிக்னல் கெடைக்கிற எடத்துக்குப் போவோம்."

நான் அருள்மணி. கொடைக்கானலில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்து மெஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாகச் சமைக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம்தான். சுஜிதாவின் அப்பா போய் ஏழு வருஷம் ஆகிறது, இந்த வாயை வைத்துத்தான் காலம் தள்ளினேன். என் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. வியாழக்கிழமை மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதை மாற்றுவதாக ஏற்பாடு. ஆறு லட்சம் ஆகும். மொத்தமும் சுஜிதாவின் கம்பெனி இன்சூரன்ஸ் கொடுக்கும். வேலை இருக்கும்வரைதான் இன்சூரன்ஸ், வேலை போனால் அதுவும் போச்சு. ஆக, நான் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும்வரை அந்த வேலை நிற்க வேண்டும். அதற்கப்புறம் அந்தக் கம்பெனி எக்கேடு கெட்டாலும் எனக்குக் கவலை இல்லை.

இன்னொன்றையும் சொல்லித் தொலைக்கிறேன். ஆஸ்பத்திரியில் முதலில் கொடுத்த தேதி போன மாதம் பதினாறு. பதினெட்டாம் தேதி பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. எழுநூறு பேருக்கு பிரியாணி. நான் இல்லாமல் அந்த மெஸ் ஓடாது என்று எனக்கு ஒரு நினைப்பு. "ஒரு மாசத்துல என்ன குடிமுழுகிப் போகுது?" என்று நானே போன் போட்டுத் தேதியைத் தள்ளிவைத்தேன். பிரியாணி பிரமாதம் என்று பள்ளிக்கூடத்து ஃபாதர் மேடையில் சொன்னார். இப்போது நான் லீவில் இருக்கிறேன். என் கையாளாக இருந்த மயில்சாமி சமைக்கிறானாம். ஒரு குறையும் இல்லையாம்.

என் வீட்டுக்காரரின் அக்கா மகன் செல்வின் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். அவனுக்குத்தான் ஆள் விட்டேன்.

"அத்த, இந்த மழையில எங்கங்க கெளம்புறீங்க? ஒடம்பு கெடக்குற கெடைக்கு" என்றான்.

"ஏலே, வியாக்கியானம் பேசாம ஜீப்ப எடு. நம்ம ஊர் டவரு ஒழுங்கா இருந்தா நான் எதுக்கு வாரேன்?"

மேலே கொடைக்கானல் போகிற ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது. எப்பேர்ப்பட்ட மழையிலும் அங்கே சிக்னல் கிடைக்கும். வழியெல்லாம் மூடுபனி, செல்வின் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தான். நான் மாதாவை வேண்டிக்கொண்டே வந்தேன். நெட்வொர்க்காக இருக்கட்டும் தாயே, வேறு எதுவும் கேட்க மாட்டேன். சுஜிதா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பார்க்க வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

வளைவில் ஜீப் நின்றதும் அவள் போன் வரிசையாகக் கத்தியது. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு மெயிலை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"போச்சா?"

"போச்சும்மா."

"எப்ப இருந்து?"

"நேத்தோட."

"நேத்து ஞாயித்துக்கெழமடி! கோயிலுக்குப் போயிட்டு வந்து கோழிக் கொழம்பு வச்சுத் தின்னோம். ஞாயித்துக்கெழம எவன்டி ஆள நிப்பாட்டுவான்?"

மெயிலின் அடியில் ஒரு நம்பர் இருந்தது, அதை அவள் அழுத்தினாள். போன் நாற்பது நிமிஷம் பாட்டுப் பாடிய பிறகு, கம்பெனி ஆள் ராஜேஷ்குமார் என்று ஒருவன் எடுத்தான். இன்சூரன்ஸ் ராத்திரி பன்னிரண்டோடு முடிந்தது என்றும், ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த அனுமதியும் ரத்து என்றும் அவன் சொன்னான். நான் போனைப் பிடுங்கினேன்.

"தம்பி, நான் அவ அம்மா பேசுறேன். ஆப்பரேசன் எனக்குத்தான். ஒரே ஒரு வாரம் அவ பேர வச்சிருங்க. சம்பளம் வேணாம். வேலை மட்டும் செய்வா."

"அம்மா, பேர எடுத்தது நான் இல்லைங்க."

"யாரு எடுத்தா? அவங்ககிட்ட குடு."

"எனக்கே தெரியாதும்மா. லிஸ்ட்டா வரும், அவ்வளவுதான்."

அதற்கப்புறம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பரம்பரையை இழுத்தேன். விளங்கவே மாட்டீங்க என்றேன். செல்வின் காதைப் பொத்திக்கொண்டான். அந்தப் பையன் போனை வைக்கவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பேசினான்.

"ஒரு புகார் பதிஞ்சு வைக்கிறேம்மா. அவசரம்னு எழுதுறேன். நாளைக்கு யார் பாப்பாங்கன்னு தெரியல. எனக்கும் இன்னிக்கு ஆறு மணி வரைக்கும்தான்."

"அப்ப நாளைக்கு வந்து நீயே பாரேன்."

"இல்லம்மா. அந்த லிஸ்ட்ல என் பேரும் இருக்கு."

காலையிலிருந்து யாரையாவது பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று தவித்தேன். கடைசியில் என் கையில் அகப்பட்டது இந்தப் பிள்ளை. "சரிப்பா" என்று மகளிடம் போனைக் கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

திரும்பும்போது செல்வின் கேட்டான். "கவர்மெண்ட் இன்சூரன்ஸ் கார்டு இருக்குல்லத்த?"

"இல்ல. இவ சம்பளம் இருக்கேன்னு நாங்கதான் வேணாம்னு விட்டோம். இனிமே வருமானச் சான்று வாங்கி, கார்டு வாங்கி, மறுபடி மொதல்ல இருந்து தேதி வாங்கணும்."

"டாக்டரு எத்தன நாள் தாங்கும்னாரு?"

"ரோட்டப் பாத்து ஓட்டுலே."

ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நாற்பது படி ஏற வேண்டும். காலையில் இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. செல்வின் கை கொடுக்க வந்தான், போடா சோலியைப் பார்த்துக்கொண்டு என்று விரட்டினேன். நிற்காமல் ஏறிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்கு ஒன்றுமில்லை, ஆறு மாதமானாலும் தாங்குவேன் என்று பின்னால் வருகிற என் மகளுக்குத் தெரிய வேண்டும்.

பத்துப் படி ஏறினேன். பன்னிரண்டாவதில் நெஞ்சு இறுகிக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பில் சேறு என்று காலை உதறினேன். எனக்குப் பின்னால் அவளும் நின்றாள். மழை இரண்டு பேர் தலையிலும் பெய்தது. நீதானே தேதியைத் தள்ளிப் போட்டாய் என்று அவள் காலையிலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டையாவது போட்டிருப்பேன்.

"நாந்தானடி தேதிய மாத்துனேன்" என்றேன். "திட்டுடி. வாயத் தொறந்து ரெண்டு வார்த்த திட்டுடி."

அவள் ஒரு படி ஏறி வந்து என் முதுகில் கையை வைத்தாள்.

"சாரிம்மா" என்றாள். "ஒரு வாரம் வேலையக் காப்பாத்தத் தெரியலம்மா எனக்கு."

நீ என்னடி செய்வாய், உன் மேல் என்ன தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சு வரவில்லை.