இருபத்திரண்டாம் இடத்து விம்மல்

"இன்னொரு தடவை போகலாம் கண்ணு. இந்தத் தடவையாவது அந்த விம்மலோட" என்றார் டெஸ் கோப், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. எல்லோருக்கும் மாட்டியிருந்த ஹெட்போன் வழியாக அவர் குரல் க்ளெனிஸின் காதுக்குள்ளும் நேராக இறங்கியது. இதோடு ஐந்து தடவை ஆகிவிட்டது. பின்னால் டிரம்ஸ் வாசிக்கும் வில்ஃப், வாத்தியக்காரர்களுக்குத் தலைவர், குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். நான்கு வயலின்காரர்களும் வில்லை மடியில் கிடத்திவிட்டு, ஆறிப்போன தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் ரேடியோவில் அந்த வாரத்துப் பட்டியல் வரும். நாடு முழுக்க அதிகம் விற்ற ஐம்பது பாட்டுகள். எது ஏறியது, எது இறங்கியது, எது புதுசாக நுழைந்தது, எது செத்துப் புதைந்த பிறகு எழுந்து வந்து நிற்கிறது என்கிற கணக்கு. டெஸ் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து அதிலிருந்து பன்னிரண்டு பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பார். புதன்கிழமை காலை வடக்கு லண்டனின் இந்தப் பழைய சர்ச் கூடத்தில் ஆட்களைத் திரட்டி, பன்னிரண்டையும் அச்சு அசலாக, ஈயடிச்சான் காப்பியாகப் பதிவு செய்வார். அடுத்த வாரமே மளிகைக் கடையில் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் இசைத்தட்டு வந்து நிற்கும். அட்டையில் நீச்சலுடை போட்ட ஒருத்தி சிரிப்பாள். பாடியவர்கள் பெயர் எங்கேயும் இருக்காது. ஆறு வருஷமாக க்ளெனிஸ் ட்ரான்டருக்குச் சோறு போடுவது இந்த வேலைதான். அமெரிக்கக்காரி மாதிரிப் பாடு என்றால் பாடுவாள்; மூக்கடைத்த பதினைந்து வயசுப் பெண் மாதிரி என்றால் அதுவும் வரும். ஒரு முறை ஆண் பாடகர் வராமல் போய், அவர் பாட வேண்டியதையும் இவளே பாடி ஒப்பேற்றினாள்.

அப்படிப்பட்டவளுக்கு இன்றைக்கு ஒரே ஒரு விம்மல் வரவில்லை.

பாட்டின் பெயர் 'சனிக்கிழமை வருவேன் என்றாய்'. பன்னிரண்டு வருஷம் முன்பு, அறுபத்தொன்றில், ஜூடி ஃபெயர் என்கிற பெண் பாடியது. நாற்பத்தெட்டாம் இடத்தில் ஒரே வாரம் எட்டிப் பார்த்துவிட்டுக் காணாமல் போனது. இப்போது யாரோ ஒரு புண்ணியவான் சோப்பு விளம்பரத்தில் அதைச் சேர்க்க, டிவியில் கேட்டவர்கள் எல்லாம் கடைக்கு ஓடினார்கள். இசைத்தட்டுக் கம்பெனி அவசர அவசரமாகப் பழைய தட்டையே மறுபடி அச்சடித்தது. நேற்றைய பட்டியலில் இருபத்திரண்டாம் இடம். அதன் இரண்டாவது அடியில் 'சனிக்கிழமை' என்று வரும் இடத்தில் அந்தப் பெண்ணின் தொண்டை ஒரு நொடி அடைத்துத் திறக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் ஊரே உருகுகிறதாம்.

ரேடியோவில் அறிவிப்பு வந்தபோது க்ளெனிஸ் சமையலறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சட்டைக் காலர் கருகும் வாசனை வரும்வரை பெட்டியைத் தூக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. வயிறும் எரிந்தது. ஜூடி ஃபெயர் எங்கே என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, கல்யாணமாகி நியூசிலாந்து போய்விட்டாள் என்று கம்பெனி கூசாமல் சொல்லியிருந்தது. ஒரு கப்பல் சீட்டுகூட வாங்காமல் அவளை உலகத்தின் அந்தக் கோடிக்கு அனுப்பிவைத்துவிட்டார்கள்! ஜூடி ஃபெயர் க்ளெனிஸேதான். அதை டெஸ்ஸிடம்கூட அவள் சொன்னதில்லை. ஒரு வாரம் நாற்பத்தெட்டாம் இடத்தில் இருந்ததை யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது?

"ஏம்மா, தட்டை இன்னொரு தடவை போட்டுக் காட்டவா?" என்றார் டெஸ். "அந்தப் பொண்ணு பாடுறதைக் கேளு. உலகமே தெரியாத குரல். நீ பாடினா, பத்து வருஷமா உருளைக்கிழங்கு வேகவெச்சவ பாடுற மாதிரி இருக்கு."

வயலின்காரர்களில் ஒருவன் சிரித்தான்.

"நான் வேகவெச்சவதானே டெஸ்" என்றாள்.

"அது எனக்குத் தெரியும். கேக்கறவனுக்குத் தெரியக் கூடாது. உன்னால முடியலேன்னா சொல்லிடு, மார்ஷாவைக் கூப்பிடறேன். அரை மணியில வந்து நிப்பா. நீ இருக்கியேன்னுதான் அவளை நான் கூப்பிடறதே இல்லை, ஞாபகம் வெச்சுக்க."

மார்ஷா வருவாள். விம்முவாள். அடுத்த புதன்கிழமையும் அவளே வருவாள். க்ளெனிஸுக்கு அதில் சந்தேகமே இல்லை. தலையை ஆட்டிவிட்டு ஒரு விம்மலைப் போட்டுத் தொலைத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஆறு வருஷமாக ஊரில் உள்ளவள் அழுகையையெல்லாம் காப்பி அடித்தவளுக்குத் தன் அழுகையைக் காப்பி அடிப்பது பெரிய வித்தையா என்ன? அவளே இதைத்தான் காலையிலிருந்து தனக்குச் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அந்த இடம் வரும்போதெல்லாம் தொண்டை அடைக்க மறுத்தது. உடம்புக்கு இருக்கிற மானம் தனக்கு இல்லையே என்று வெட்கமாக வந்தது.

"அந்த விம்மல் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"எனக்கெதுக்கு அது? வந்துச்சு, விக்குது."

"எனக்குத் தெரியும். நான்தான் பாடினேன்."

கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. வில்ஃப் குச்சியைக் கீழே வைத்தார்.

"ஜூடி ஃபெயர் அவங்க வெச்ச பேரு. எனக்குப் பத்தொம்பது வயசு. இதே மாதிரி ஒரு கண்ணாடி, அதுக்குப் பின்னால உங்களை மாதிரி ஒருத்தர். பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர்ல சொன்னார், 'குரல் பரவாயில்லை, மூஞ்சிதான் தேறாது, அட்டையில வேற பொண்ணு படத்தைப் போட்டுக்கலாம்'னு. பதினாலு பேர் வாசிக்க உக்காந்திருந்தாங்க, அத்தனை பேரும் கேட்டாங்க. அப்புறம் பாடுன்னார். பாடினேன். அந்த இடத்துல தொண்டை அடைச்சுது. இன்னொரு தடவை நல்லாப் பாடறேன்னு கெஞ்சினேன். வேணாம், இதுதான் தங்கம்னுட்டார்."

டெஸ் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். அவர் முகத்தில் ஏதோ இளகுவதுபோல் தெரிந்தது. க்ளெனிஸ் அதை நம்பியும்விட்டாள்.

"அடிப்பாவி!" என்று தொடையில் தட்டினார். "இதை முதல்லயே சொல்ல மாட்டியா? அப்ப வேலை சுலபமாப் போச்சே! உன் விம்மல்தானே, உனக்கு வராம வேற யாருக்கு வரும்? அந்த ஆளையே நெனச்சுக்கிட்டுப் பாடு. வேணும்னா நான் ஒரு தடவை திட்டட்டுமா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

க்ளெனிஸுக்கு உச்சந்தலை சுட்டது. பத்தொன்பது வயதில் வராத கோபம் பன்னிரண்டு வருஷம் வட்டி போட்டுக்கொண்டு இப்போது வந்து இறங்கியது. நல்லவேளை, அழுகை வரவில்லை.

"வில்ஃப், சுருதியை ரெண்டு படி கீழ இறக்கி வாசிக்கலாமா?" என்றாள் திரும்பி. "என் குரலுக்கு இப்ப அதுதான் சரி. வேகமும் கொஞ்சம் கூடட்டும். இழவு வீடு மாதிரி வேணாம்."

"அட, மூணு படி வேணும்னாலும் இறக்கலாம் தாயி" என்றார் வில்ஃப். பியானோக்காரரைப் பார்த்து, "கேட்டியா நீ?" என்றார். அந்த மனிதர் புதுச் சுருதியில் கட்டையை அழுத்திப் பார்த்தார். சிரித்த வயலின்காரன் எல்லோருக்கும் முன்னால் வில்லை எடுத்தான்.

"என்ன நடக்குது அங்க? இது காப்பி, க்ளெனிஸ்! கேக்கறவனுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது! மார்ஷாவைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க" என்றாள். "அவ வர அரை மணி ஆகும். பாட்டு மூணே நிமிஷம்தான்."

ஹெட்போனைக் கழற்றி மைக் கம்பியில் மாட்டினாள். வில்ஃபும் தன்னுடையதைக் கழுத்துக்குத் தள்ளிவிட்டுக் குச்சியால் நான்கு தட்டுத் தட்டினார். முதல் அடி அவளுக்கே புதுசாக இருந்தது. சிகரெட்டும் குளிரும் ஆறு வருஷத்து அடுத்தவர் குரல்களும் கரகரப்பாக்கிய குரல், ஆனால் யாருடையது என்று கேட்கத் தேவையில்லாத குரல். வருவேன் என்றாயே என்று பத்தொன்பது வயதில் கெஞ்சிய வரியை இப்போது வாசலை அடைத்துக்கொண்டு நின்று கேட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ் எழுந்து நின்று இரண்டு கைகளையும் வீசினார். க்ளெனிஸ் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது அடி வந்தது. 'சனிக்கிழமை' வந்தது. மூச்சை இறுக்கிப் பிடித்து, அந்தச் சொல்லை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் உடையாமல் கொண்டுபோய் நிறுத்தினாள். வயலின்கள் நான்கும் கூடவே ஏறின.

ஹெட்போன் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து டெஸ் இன்னும் கத்திக்கொண்டிருந்தார், ஒரு கொசு அளவுக்கு. க்ளெனிஸ் மைக்குக்கு ஒரு எட்டு நெருங்கி நின்று மூன்றாவது அடியை எடுத்தாள்.