எட்டு மணி மிஸ்டு கால்

தையல்காரருடைய அக்காவுக்குச் சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். சோப்பையே ஒரு தடவை கழுவிவிட்டுத்தான் கை கழுவுவாள். எந்தப் பாத்திரமானாலும் மூன்று தடவை தேய்ப்பாள். அதுவும் இந்த நாலு வருஷமாக ரொம்பவே முற்றிப்போய்விட்டது. இப்படிப்பட்டவளிடம் போய், தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அதோடு வீட்டு வாசலை மறந்துவிட வேண்டியதுதான் என்று தையல்காரர் சத்தியமாக நம்பினார். போக வேறு இடமும் கிடையாது. உலகத்தில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரே அக்காதான்.

அதனால் நாலு வருஷமாகத் தன் தட்டையும் டம்ளரையும் தானே கழுவி, தனியாகக் கவிழ்த்துவைத்தார். தட்டால் ஒட்டாது, டம்ளரால் ஒட்டாது என்று ஆஸ்பத்திரி ஆலோசனை மையத்து அம்மா நூறு தடவை சொல்லியாயிற்று. அவர் மண்டைக்குப் புரிந்தது, கைக்குத்தான் புரியவில்லை.

மாத்திரை விஷயத்தில் மட்டும் மனிதர் கெட்டி. மையத்தில் மாதாமாதம் கூடுகிற ஆறு பேர் சேர்ந்து ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை போட்டவர் அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். பேக்கரிக்கார அம்மா தையல்காரருக்கு, தையல்காரர் லாரிக்காரருக்கு, லாரிக்காரர் இன்னொருவருக்கு. வரவில்லையென்றால் கூப்பிட்டு மானத்தை வாங்கிவிடுவார்கள்.

இது அக்கா கண்ணில் படாமல் இருக்குமா? தினமும் சரியாக எட்டுக்குத் தம்பியின் போன் ஒரே ஒரு தடவை சிணுங்குகிறது. திரையில் 'பேக்கரி' என்று விழுகிறது. தம்பி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். நாற்பத்தாறு வயதில் தம்பிக்குக் காதல்! அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே பேக்கரியில் போய் நின்றாள்.

"தம்பி விஷயம் எனக்கு எல்லாம் தெரியும்மா. அவன் சொல்ல மாட்டான், பயந்தாங்கொள்ளி. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, சந்தோஷம்தான். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழரைக்கு வீட்டுக்கு வாங்க. உங்க ஆளுங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க."

பேக்கரிக்கார அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எச்.ஐ.வி. என்று தெரிந்தும் சந்தோஷப்படுகிற ஓர் அக்காவா! புருஷன் போனபிறகு அவளுடைய சொந்த அண்ணனே அவள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. இந்த அதிசயத்தை இன்னொருவரும் பார்க்கட்டும் என்று லாரிக்காரரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு எட்டாகப் போகும் நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்த தையல்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார். நாற்காலியில் பேக்கரிக்கார அம்மா. பக்கத்தில் சலவைச் சட்டை போட்ட லாரிக்காரர். எதிரே அக்கா, வாயெல்லாம் பல். டீ கப்புகளை மூன்று தடவை கழுவியிருந்தாள். பிஸ்கட்டைக் கழுவ முடியவில்லையே என்பதுதான் அவளுக்குக் குறை.

"ஏண்டா முழிக்கிற? உக்காரு. அண்ணன்தான் பொண்ணு வீட்டுப் பெரியவரா?"

வாய் நிறைய பிஸ்கட்டோடு லாரிக்காரர் தலையாட்டிவைத்தார்.

"எந்தப் பொண்ணு?" என்றாள் பேக்கரிக்கார அம்மா.

அக்கா பதில் சொல்வதற்குள் மணி எட்டு. பேக்கரிக்கார அம்மா போனிலும் லாரிக்காரர் போனிலும் மாத்திரை அலாரம் சேர்ந்து அலறியது. வந்தவர்கள் இருவரும் சொந்த வீடு மாதிரி மாத்திரையை எடுத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார்கள்.

"என்ன மாத்திரை அது? ரெண்டு பேருக்குமா?" என்று கேட்டாள் அக்கா.

அக்காவுக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் பேக்கரிக்கார அம்மாவுக்கு உறைத்தது. முகம் செத்துப்போக, மாத்திரையைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். வைட்டமின் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்தப் பொத்திய கையைத் தையல்காரரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உள்ளே போய்த் தன் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"அக்கா, எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. நாலு வருஷமா. இது அதுக்குத்தான்."

அக்கா டப்பாவை ஒரு தடவை பார்த்தாள். எழுந்து சமையலறைக்குள் போனாள். தையல்காரர் தன் துணிமணிகள் எத்தனை பைக்குள் அடங்கும் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார். அவள் திரும்பி வந்தபோது கையில் அவருடைய தட்டு.

"இதுக்காகத்தான் இதைத் தனியா கழுவிக் கவுத்தியா?"

"ஆமாக்கா."

"அடப்பாவி! நான் கழுவுறது உனக்குச் சுத்தமா இல்லன்னுல்லடா நினைச்சேன்! அதுக்காகவே மூணு மூணு தடவை தேய்ச்சு, சோப்பையெல்லாம் கழுவி... என் கையைப் பாருடா!" அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தட்டால ஒட்டுமா இது?"

"ஒட்டாது!" என்றார்கள் மூவரும், மையத்து அம்மாவின் வகுப்பில் சொல்வது போலவே.

"அப்புறம் என்ன எழவுக்குடா என்னை நாலு வருஷம் படுத்தின?" மூக்கைச் சிந்திக்கொண்டு தண்ணீரை நீட்டினாள். "முதல்ல மாத்திரையப் போடு. அம்மா, நீங்களும் போடுங்க. பொண்ணு விஷயத்த அப்புறம் பேசிக்கலாம்."

எல்லாரும் அங்கேயே சாப்பிட்டார்கள். முடித்ததும் தையல்காரர் பழக்கதோஷத்தில் தட்டோடு எழுந்தார்.

"வைடா அதை," என்று அக்கா பிடுங்கிக்கொண்டாள். மற்றத் தட்டுகளோடு சேர்த்துப் போட்டுக் கழுவினாள். ஒரே ஒரு தடவைதான் கழுவினாள்.