பச்சைக் கோட்டு மாப்பிள்ளை

பாலக்கரை வசீமின் உடம்பைச் சுற்றி நூல் அகலத்துக்கு ஒரு பச்சைக் கோடு தோன்றியது ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு. அன்று வெயில் நூற்றிரண்டு டிகிரி, தக்காளி கிலோ நாற்பது. கோடு வலிக்கவில்லை, சோப்புக்கும் போகவில்லை. காரணத்தில் மர்மம் ஒன்றுமில்லை. தில்லைநகரில் சினிமாக் காட்சிகளுக்கு கிராஃபிக்ஸ் செய்து தரும் கம்பெனியில் அவனுக்கு வேலை. அங்கே திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளைக் கோடிழுத்து இணைப்பார்கள், நோட் என்பார்கள். ஒரு பெட்டி ஆளின் பின்னாலிருக்கும் பச்சைத் துணியை நீக்கும், அடுத்தது அவன் ஓரத்தில் ஒட்டிய பச்சையைத் துடைக்கும், இன்னொன்று அவனைக் கொண்டுபோய்ப் பனிமலையில் நிறுத்தும். சோதனைக்காக வசீமைத் துணிக்கு முன் நிறுத்திப் படமெடுத்த, கூட வேலை பார்க்கும் சம்ரீன், பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று துடைக்கும் பெட்டியை இணைக்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். திரையில் பனிமலையில் நின்ற வசீமுக்கு வந்த கோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த வசீமுக்கும் வந்தது. பொன்மலையிலிருந்து வரும் சூப்பர்வைசர் பெனடிக்ட் அவனை மேலும் கீழும் பார்த்து, "ஓரம் சரியில்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

வசீமின் தாய் சுராயா அப்போது மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். மூன்று வீட்டார் வந்து சமோசா தின்று, பையன் தங்கம் என்று சொல்லி, பிறகு போனில் வேண்டாம் என்றார்கள். ஒருவருக்கு அது நோயோ என்று பயம், இன்னொருவருக்குப் பிள்ளைகளுக்கும் வருமோ என்று பயம். துவாக்குடிக்காரர்களுக்குக் கோடு பிடித்திருந்தது, சம்பளம்தான் பிடிக்கவில்லை. சம்ரீனுக்கு மனசு கேட்கவில்லை. விட்டுப்போன துடைக்கும் பெட்டியை இணைத்து, பதினோரு நாள் அவன் படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி, முடி முடியாக ஓரத்தைச் சரிசெய்தாள். பன்னிரண்டாம் நாள் கோடு போயிற்று. வேலை அவ்வளவு சுத்தமாக வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வசீம் பின்னணியோடு அப்படியே கலந்து, யார் கண்ணுக்கும் படாமல் போனான். முதல் வாரம் கண்டக்டர் டிக்கெட் கேட்காததில் அவனுக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன். பிறகு சுராயா பக்கத்தில் நின்றுகொண்டே போன் செய்து, "எங்கப்பா இருக்க?" என்று கேட்கத் தொடங்கினாள். நான்காவதாகத் துறையூரிலிருந்து வந்தவர்கள், மாப்பிள்ளை பார்க்க வருகிற நாளில்கூட வீட்டில் இல்லாத பையன் எதற்கு என்று கோபித்துப் போனார்கள். அவன் அவர்களுக்கு எதிரேதான் பிஸ்கட் தட்டோடு நின்றிருந்தான். அன்று வசீம் கூடத்தின் நடுவிலேயே உட்கார்ந்து அழுதான்.

சம்ரீனுக்கு மட்டும் அவன் தெரிந்தான். எங்கே வசீம் முடிந்து எங்கே சுவர் தொடங்குகிறது என்பது, வலதைவிடக் கொஞ்சம் இறங்கிய இடது தோள் வரைக்கும், பதினோரு நாளில் அவளுக்கு மனப்பாடம். மறுநாள் அவன் அவள் நாற்காலியருகே போய் நின்றான்.

"கோட்டைத் திரும்பப் போட்டுடுங்க சம்ரீன்."

"அப்புறம் பொண்ணு அமையாதுங்க. உங்கம்மா என்னைத்தான் திட்டுவாங்க."

"பொண்ணு விஷயமா உங்க அத்தாகிட்டதான் பேசலாம்னு இருக்கேன். அதுக்கு அவரு கண்ணுல நான் படணும்ல."

சம்ரீனுக்குக் காது மட்டும் சிவந்தது. துடைக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுத்து டி என்ற எழுத்தை அமுக்கினாள். பெட்டி அணைந்தது, கோடு வந்தது.

சம்ரீனின் தந்தை காஜா மைதீனுக்குப் பெரிய கடை வீதியில் ஜவுளிக் கடை. அவர் வசீமை ஒரு சுற்று சுற்றி வந்து, முழங்கையருகே கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். "சாயம் போகுமா?" என்று கேட்டார்.

"போகாதுங்க மாமா."

மாமா என்றதை அவர் கவனித்தார், கவனிக்காதது போல் இருந்துகொண்டார். ரபீஉல் அவ்வல் மாதத்தில் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை எங்கே என்று, நிக்காஹ் நடத்தி வைக்க வந்த ஹஜ்ரத் தேட வேண்டியிருக்கவில்லை.

இப்போதெல்லாம் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி அன்று, கூட்டத்தில் ஆளைத் தவறவிட்டவர்கள் பச்சைக் கோட்டுக்காரர் பக்கத்தில் வந்து நிற்கும்படி மைக்கில் சொல்கிறார்கள். அவன் உட்கார ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். சென்ற முறை பதினான்கு பிள்ளைகளும் இரண்டு மாமியார்களும் அவனருகே வந்து சேர்ந்தார்கள். மத்தியானம் சம்ரீன் டிபன் கேரியரோடு வருவாள். எத்தனை ஆயிரம் பேர் நெருக்கினாலும் அவள் கோட்டைத் தேடுவதில்லை. கொஞ்சம் இறங்கிய அந்த இடது தோளைப் பார்த்து நேராக நடந்து வருகிறாள்.