ஸ்ரெல்லா வீட்டுக் கொடி ரோசா

கடலோரக் குருநகரில் ரோசா வளர்க்கப் போகிறேன் என்று ஸ்ரெல்லா சொன்னபோது அவள் குடியிருந்த சந்து, அந்த ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. உப்பு மண், உப்புக் கிணறு, உப்புக் காற்று, இதற்குள் ரோசாவா? ஆனால் ஸ்ரெல்லா ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆள் இல்லை. தெல்லிப்பழையில் தெரிந்தவர் வீட்டு மதிலில் கொடி ரோசா பூத்துக் கொட்டுவதைக் கண்டவள், அதில் ஒரு தடியையும் ஒரு மூட்டை செம்மண்ணையும் கேட்டு வாங்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். மீன்பிடிக்கிற கணவன் கனிசியஸின் உடைந்த ஐஸ் பெட்டியில் ஓட்டை போட்டு, அடியில் மீன் குடலைப் புதைத்து, மேலே செம்மண் நிரப்பி நட்டாள். கிணற்றுத் தண்ணீரைக் கண்ணிலும் காட்டவில்லை, குழாய்த் தண்ணீர்தான்.

மதிலில் தொங்கவிட்ட பழைய வலையைப் பிடித்துக்கொண்டு கொடி கிடுகிடுவென்று மேலே ஏறியது. ஏறியதே தவிர, பூவைக் காணோம். உச்சியில் எப்போதாவது ஒன்று பூத்து, காற்றுக்கு உதிர்ந்துவிடும்.

மே மாதம் கோயிலிலிருந்து மாதா சுருவம், மாதாவின் சிலை, வீடு வீடாக வரும். வருகிற வீட்டில் பிளாஸ்ரிக் பூ வைப்பார்கள், இல்லையென்றால் கடைப் பூ. "இந்தமுறை மாதாவுக்கு என்ரை ரோசாதான்" என்று பக்கத்து வீட்டு றெஜினாவிடம் ஸ்ரெல்லா வாயை விட்டுவிட்டாள். றெஜினாவிடம் சொல்வதும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். பூக்காவிட்டால் இனி ஒழுங்கையில் தலை காட்ட முடியாது.

தவக்காலத்தில் ஒரு நாள் பூசை முடிந்து வந்தவள் முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டாள். வலையைக் காணவில்லை. நிமிர்ந்து நின்ற கொடியெல்லாம் பக்கவாட்டில் வளைந்து, மதில் நீளத்துக்கு இழுத்த கயிற்றில் படுத்துக் கிடந்தது.

"ஐயோ, என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்?"

"தொழில் வலை கிழிஞ்சு போச்சு. ஒட்டுப்போடப் பழசு வேணும்" என்றான் கனிசியஸ். "கொடியைச் சும்மா விடேல்லை. பக்குவமாச் சரிச்சுத்தான் கட்டினனான்."

"ஏறுற கொடியை ஆரும் படுக்கப் போடுவினமே?"

"வலையை உப்பிடித்தானே காயப் போடுறம்."

ஸ்ரெல்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவிழ்த்தால் முறிந்துவிடுமோ என்று பயந்து அப்படியே விட்டாள். அதன்பிறகு கனிசியஸுக்குத் தேத்தண்ணி வந்தது, பேச்சு வரவில்லை.

உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு, படுத்துக் கிடந்த கொடியின் ஒவ்வொரு கணுவிலும் சிவப்பாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. பிறகு முளைக்கு முளை மொட்டு. கனிசியஸ் வாயே திறக்கவில்லை, கெட்டிக்காரன்.

சுருவம் வந்த அன்று மதிலைக் காணவில்லை, ரோசாவைத்தான் கண்டார்கள். வாசல் படலையடியில், சுருவத்தோடு வந்தவர்களின் பாட்டே ஒருகணம் தடுமாறியது. அன்று காலை ஸ்ரெல்லா கை வலிக்க வலிக்க வெட்டி மாதாவின் காலடியை நிறைத்திருந்தாள். அப்படியும் கொடியில் குறைந்த மாதிரித் தெரியவில்லை. அவளுக்கு நெஞ்சு விம்மியது. இந்த உப்பு மண்ணில், தன் கையால்!

செபம் முடிந்ததும் றெஜினா மதிலடிக்குப் போனாள். "எடியே ஸ்ரெல்லா, அடியிலை இருந்து நுனி மட்டும் பூவாக் கிடக்கு. உப்பிடிப் படுக்கக் கட்ட உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். நான்தான் என்று சொன்னால் நம்பாதவர்கள் அன்று அங்கே ஒருவரும் இல்லை. நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. பின்னால் கதவோரம் கனிசியஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"செடி என்ரை, றெஜினா அக்கா" என்றாள் ஸ்ரெல்லா, எல்லோருக்கும் கேட்கும்படி. "கட்டினது என்ரை மனுசன். நான் அதுக்கு அவரைப் பேசிக் கிழிச்சனான்."

சனம் சிரித்தது. கனிசியஸ் போட்டிருந்த சேட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான். "இஞ்சை பாருங்கோ, உதுக்கு ஒரு முடிச்சு இருக்கு" என்று மதிலடியில் நின்று காட்டத் தொடங்கினான். அவன் கதைத்து முடியும் வரை ஸ்ரெல்லா பக்கத்திலேயே நின்றாள்.