பழைய முகவரிக்கு அனுப்பப்பட்டது

பொத்தானை அழுத்திய பிறகுதான் அந்த வரியைப் படித்தேன். உங்கள் முதன்மை மெயில் முகவரியை மாற்றக் கேட்டிருக்கிறீர்கள், அதை உறுதிசெய்யும் லிங்க் உங்கள் பழைய முகவரிக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இங்கிலீஷில் போட்டிருந்தான்.

"பழைய முகவரிக்கு எதுக்கு அனுப்புதான்? அது வேண்டாம்னுதானே மாத்துதேன்!" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பாகலூர் ரோட்டில் இருந்த அந்த பிரௌசிங் சென்டரில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பக்கத்துத் தடுப்பில் இருந்தவன் எட்டிப் பார்த்தான். சென்டரைப் பார்த்துக்கொள்ளும் பிரவீனா எழுந்து வந்தாள்.

"அது சேஃப்டிக்குண்ணா. வேற யாராச்சும் உங்க அக்கவுண்ட்ல பூந்து மாத்திடக் கூடாதில்ல? அந்தப் பழைய மெயிலைத் திறந்து லிங்க்கை அழுத்துனாத்தான் புதுசு ஏறும்."

"வேண்டாம்மா. இப்பவே கேன்சல் பண்ணிரு."

"போன மெயிலை எப்படிண்ணா திரும்ப வாங்குறது?" என்றாள், ஏதோ சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

அவளுக்கு என்ன தெரியும்? அந்தப் பழைய முகவரி என்னுடையதே இல்லை. சிப்காட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில், டை, அச்சு செய்யும் டூல்ரூமின் முகவரி அது. டூல்ரூம் முழுவதற்கும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மெயில். டீ கேன் மாதிரி, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். மூன்று வருடத்துக்கு முன் தெரிந்தவன் ஒருவன், வேலை தேடும் வெப்சைட்டில் என் பெயரைப் பதிந்தபோது மெயில் ஐடி கேட்டான். எனக்குத் தெரிந்த ஒரே ஐடியைச் சொன்னேன். தனக்கென்று ஒரு மெயில் வேண்டும் என்றெல்லாம் அப்போது யாருக்குத் தோன்றியது?

தோன்றியது அந்த 2009 ஜனவரியில்தான். ஆர்டர் படுத்து, கம்பெனி வாரத்தில் மூன்று நாள் ஓடிக்கொண்டிருந்தது. நான் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு அந்தப் பொது மெயிலுக்கு எழுதியிருக்கிறது. மேனேஜர் லீவில் இருந்த வாரம் என்பதால் தப்பித்தேன். தலைப்பில் இருந்த என் பெயர் மட்டும் கூட வேலை பார்க்கும் கமலக்கண்ணன் கண்ணில் பட்டு, அவன் என்னிடம் சொல்வதற்குள் இன்டர்வியூ தேதியே போய்விட்டது. அதற்காகத்தான் இந்த முகவரி மாற்றும் வேலையில் இறங்கினேன்.

மேனேஜர் சௌந்தரராஜன் சேலத்துக்காரர். வேலையில் புலி. ஆனால் ஒருவன் வெளியே வேலை தேடுகிறான் என்று தெரிந்தால் போதும், அவனைத் துரோகி மாதிரி பார்ப்பார். அதற்கு முந்தின மாதம் எங்களோடு வேலை பார்த்த மாதவனைக் கேட்டு ஒரு பெங்களூர் கம்பெனி டூல்ரூமுக்கே போன் செய்தது. எடுத்தது இவர். அந்த வாரமே மாதவன் வெளியே. "போறவன் இன்னிக்கே போகட்டும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். தினமும் காலையில் முதல் ஆளாக அந்த மெயிலைத் திறப்பவரும் இவர்தான்.

வீட்டுக்கு வந்து மனைவி ஜோதிமணியிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது ஆறு மாசம். "ஒரு வார்த்தை கேட்டுட்டு அழுத்தக் கூடாதா? எல்லாத்துலயும் அவசரம் உங்களுக்கு" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலையிலே அவருக்கு முந்திப் போயிருங்க" என்றாள். பேச்சியம்மனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள். வெப்சைட் பிரச்சினையெல்லாம் அம்மன் பார்ப்பாளா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எனக்கும் பயம்தான்.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திராமல் பனியில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். கேட்டில் வாட்ச்மேன் கரியப்பன் தலையில் மப்ளரோடு நின்றார்.

"ஏன் சாமி, பஸ்ஸே வரல, நீ வந்துட்டே? உங்க சாரும் அப்பவே உள்ள போயிட்டாரு."

திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். உள்ளே போனால், அவர் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா சுடலை, இந்நேரத்துக்கே?"

"டை ஒண்ணு பாலிஷ் பாக்கி இருக்கு சார்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, பாரு" என்று எழுந்து கேன்டீன் பக்கம் போய்விட்டார். நான் போய் உட்கார்ந்து தேடினேன். கஸ்டமர் அனுப்பிய டிராயிங், ஆபீஸ் சுற்றறிக்கை, இவைதான் இருந்தன. என் மெயில் இல்லை. அழித்தவை போய்ச் சேரும் இடத்திலும் இல்லை. சர்வரில் எங்கேயாவது மாட்டிக்கொண்டிருக்கும், எப்போது வந்து விழுமோ என்று அன்று முழுக்க எனக்குக் கை ஓடவில்லை.

சாயங்காலம் பிரௌசிங் சென்டரில் திறந்து பார்த்தால், முகவரி மாறியிருந்தது! என் புது ஐடி முதன்மை என்ற இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. "நீயாடே அழுத்தின?" என்று மறுநாள் கமலக்கண்ணனைக் கேட்டேன். "நான் ஏன் அதைத் தொடுறேன்? இங்கிலீஷ்ல வந்தா நான் திறக்கவே மாட்டேன்" என்றான். சரி, தானாகவே மாறிவிட்டது போல என்று விட்டுவிட்டேன். கண்டம் தாண்டியவனுக்கு ஆராய்ச்சி எதற்கு? அன்று ராத்திரி பரோட்டா வாங்கிக்கொண்டு போனேன். ஜோதிமணி அம்மனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அதன் பிறகு கண்ணில் பட்ட கம்பெனிக்கெல்லாம் விண்ணப்பம் போட்டேன். ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. அங்கேயும் ஆட்களைக் குறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். போகட்டும், கையில் ஒரு வேலை இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் சௌந்தரராஜன் என்னை கேபினுக்குள் கூப்பிட்டார். "உக்காரு" என்றார். அவர் முன்னால் நான் உட்கார்ந்ததே கிடையாது.

"டூல்ரூம்ல ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லிட்டாங்கப்பா. பர்மனென்ட் ஆகாதவங்க நீயும் கமலக்கண்ணனும்தான். உன் பேரைக் குடுத்துட்டேன்."

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. கண்ணனுக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க, வெளிய போயி வேலை தேடத் தெரியாத ஆளு. உனக்குத்தான் வேற இடம் அமைஞ்சிருச்சே."

"எனக்கா? யார் சார் சொன்னது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்குக் காலையில அந்த மெயிலு வந்துச்சு. நான்தான் லிங்க்கை அழுத்திவிட்டேன். வேற யாரும் பாத்து மேல சொல்லிடக் கூடாதுன்னு அழிச்சும் போட்டேன். மாதவனுக்குப் பண்ணது மனசை அறுத்துக்கிட்டே இருந்துச்சுப்பா. நீயாவது நல்லபடியாப் போகட்டும்னு நெனச்சேன்."

"சார், எனக்கு எந்த வேலையும் அமையலை. முகவரியைத்தான் மாத்தினேன்."

"என்னப்பா சொல்ற? வேலை கெடைச்சவன்தானே ஆபீஸ் மெயிலை எடுத்துட்டு வேற போடுவான்?"

"இன்னும் ஒரு இடத்துலேர்ந்தும் கூப்பிடலை சார். வீட்டுல அவ மாசமா இருக்கா. பேரை எடுத்துருங்க சார்."

அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. "காலையிலயே அனுப்பிட்டேன்பா" என்றார். "போன மெயிலை எப்படித் திரும்ப வாங்குறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு மேஜையைப் புரட்டியிருப்பேன். அந்த ஆள் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு எதைப் புரட்டுவது?

நேராக பிரௌசிங் சென்டருக்குப் போனேன். ஒருவேளை இன்றைக்காவது ஏதாவது வந்திருக்காதா என்ற நப்பாசை. ஒரே ஒரு மெயில்தான் கிடந்தது. அதுவும் அந்தத் திங்கட்கிழமை காலையில் வந்தது. உங்கள் முதன்மை முகவரி வெற்றிகரமாக மாற்றப்பட்டது என்று எழுதியிருந்தது. "இப்ப மெயிலெல்லாம் ஒழுங்கா வருதாண்ணா?" என்று பிரவீனா கேட்டாள். வருகிறது என்றேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஜோதிமணி அழுவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றில் கையை வைத்தபடி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏசி அனுப்பியிருந்தாருன்னா நாமளும் நாலு வார்த்தை ஏசிட்டுப் போயிரலாம்" என்றாள். "நல்லது நினைச்சுல்லா அனுப்பியிருக்காரு. இப்ப யாரைப் போயி ஏச?"