அண்டை கொடுத்த ஓட்டுச் சில்லு

விடிந்தால் கடிகாரக் கண்காட்சி. நீர்க்கடிகாரம், மணற்கடிகாரம், பெண்டுலம் எல்லாம் அந்த ராஜபாளையம் பள்ளியில் மேசை ஏறிவிட்டன. முற்றத்துச் சூரியக் கடிகாரம் மட்டும் அறிவியல் டீச்சர் வைஜயந்தியின் கண்ணை உறுத்தியது. லேப் அட்டெண்டர் தவசிமுத்து பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து, நடுவே சைக்கிள் கம்பி கட்டிச் செய்தது. கம்பியின் நிழல் பத்தாம் கோட்டில் விழும்போது அவள் வாட்சில் பத்து இருபது.

"இருபது நிமிஷம் பிந்துதே, தவசிமுத்து!"

"நாலு நாளாப் பாக்கேன் டீச்சர். கூடல, குறையல, அதே இருபது. அதுல என்னமோ வெவரம் இருக்கும்லா?"

"எட்டாங்கிளாஸோட நின்னவரு எனக்கு வெவரம் சொல்லித் தாறீகளாக்கும்?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இனிக்கத்தான் செய்தது.

"என் வாட்சுக்குச் சரியா உருட்டி வையுங்க."

அவர் குழாயைச் சற்றே உருட்டி, திரும்ப உருளாதபடி அடியில் ஓட்டுச் சில்லு ஒன்றை அண்டை கொடுத்தார்.

மறுநாள் விருந்தாளியாக வந்த பழைய பேராசிரியர் நவநீதகிருஷ்ணன் சூரியக் கடிகாரத்தைக் குனிந்து பார்த்தார்.

"குழாய் ஏன் ஒருச்சாய்ஞ்சு கெடக்கு? நம்ம கடிகார மணி அலகாபாத் பக்கம் போற கோட்டுக்கு உள்ளது. நம்மூரு அதுக்கு மேற்க. இந்த மாசம் சூரியன் இருபது நிமிஷம் பிந்தத்தான் செய்யும். சூரியனையே வாட்சுக்குத் திருப்புன புண்ணியவான் யாரு?"

அதே பிள்ளைகள், அதே சிரிப்பு.

"நாந்தான் சார்," தவசிமுத்து முன்னால் வந்தார். "வெவரம் பத்தாது."

"அதான பாத்தேன்."

பேராசிரியர் உள்ளே மேசைக்குப் போய் மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தார். மணல் பாதி இறங்கியது. முழுதும் இறங்கியது. அதற்குப் பிறகுதான் வைஜயந்திக்கு வாய் வந்தது.

"சார், அவர் சரியாத்தான் வச்சிருந்தார். உருட்டச் சொன்னது நான். எட்டாங்கிளாஸுன்னு சொல்லிக் காட்டி வாயை அடைச்சதும் நான்தான்."

இந்த முறை ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

முற்றத்துக்குப் போய்ச் சில்லை அவளே உருவினாள்.

"எம்புட்டு உருட்டணும், அண்ணே?"

"பழைய எடத்துல பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கேன் டீச்சர். நீங்க வீட்டுக்குப் போன பொறவு திருப்பிக்கிடலாம்னு."

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி கேட்டாள்: "மணி என்னக்கா?"

வாட்ச் கையில்தான் இருந்தது. முந்தானையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தெரியலம்மா."