தவளை சேர்த்த சாராயம்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு கையேட்டில். தங்கை மகளைக் கல்லூரியில் சேர்க்க வரிசையில் நின்றபோது, பொழுது போகாமல் பல்கலைக்கழகக் கையேட்டைப் புரட்டினேன். 'பஞ்சாட்சரம், விலங்கியல் விரிவுரையாளர். கற்பித்தல்: தவளை. ஆய்வு ஆர்வம்: தவளை' என்றிருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்தேன். பிறகு, இதுதான் ஒரு மனிதரின் முழு வாழ்க்கையோ என்று பயந்தேன். மற்றதெல்லாம் என் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1978ஆம் ஆண்டு. ஜவ்வாது மலையின் மீது பனி, வெண்பட்டுப் போர்வையைப் போல..."

வேண்டாம். பனிக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

2

பஞ்சாட்சரம் பாடம் நடத்தமாட்டார், நோட்ஸ் சொல்வார். "தவளையின் இதயம், கமா, மூன்று அறைகளைக் கொண்டது, முற்றுப்புள்ளி." ஒருமுறை நடுவில் தும்மினார். முன்வரிசை அதையும் எழுதிக்கொண்டது. (தும்மலை எப்படி எழுதினார்கள் என்று கேட்காதீர்கள். தேர்வில் அதை எழுதியவர்களுக்கு மதிப்பெண் கிடைத்தது.) அந்த நோட்ஸ் அவருடைய ஆசிரியர் அவருக்குச் சொன்னது. அந்த ஆசிரியருக்கு வேறு யாரோ சொன்னது. இவர்களில் யார் முதலில் தவளையைப் பார்த்தார் என்பது துறையில் ஒருவருக்கும் தெரியாது.

அவருக்கு விரிவுரையாளருக்கு அடுத்த படியான ரீடர் பதவி வேண்டும். அதற்கு ஒரு கண்டுபிடிப்பு வேண்டும். ஆகவே மலையேறினார்.

3

ஜவ்வாது மலைமேல் புதூர்நாட்டில் வேடியப்பன் என்ற விவசாயியின் வீட்டில் தங்கினார். ஓடைக்கரையில் ஒரு நாள், முதுகில் மஞ்சள் கோடு போட்ட தவளை ஒன்று தானாகவே வந்து அவர் செருப்பின் மேல் உட்கார்ந்தது. (ஆய்வுக் கட்டுரையில் இது 'தீவிரத் தேடலுக்குப் பின்' என்று வரும்.) எந்தப் புத்தகத்திலும் இல்லாத தவளை! அங்கேயே அதற்குத் துறைத்தலைவரின் பெயரைச் சூட்டினார். ரீடர் நேர்காணலுக்கு அவர்தான் தலைவர்.

தவளையைக் கெடாமல் வைக்கக் கொண்டுவந்த ஃபார்மலின் பாட்டில், ஜீப் குலுக்கலில் உடைந்துபோயிருந்தது.

"இன்னா சார், ஊறுகா மாரி கெடாம இருக்கணும், அவ்ளோதான?" என்றார் வேடியப்பன். போய் ஒரு பாட்டில் சாராயத்தோடு வந்தார். அது மதுவிலக்குக் காலம். எங்கே கிடைத்தது என்று பஞ்சாட்சரம் கேட்கவில்லை. அறிவியலில் கேட்கக்கூடாத கேள்வி அது ஒன்றுதான்.

தவளை ஊறிய பாட்டிலைப் பஸ்ஸில் கொண்டுபோனால் செக்போஸ்டில் பிடிப்பார்கள். "உங்க வீட்டிலேயே இருக்கட்டும். பர்மிட் வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் இறங்கினார், போலீஸ் ஏறியது.

4

(வேடியப்பனை முதலில் அழுமூஞ்சி அப்பாவியாக எழுதியிருந்தேன். அவர் அதற்கு ஒத்துவரவில்லை. அடித்துவிட்டேன்.)

வேடியப்பனைப் பாட்டிலோடு பிடித்துப்போன செய்தி கேட்டுப் பஞ்சாட்சரம் அடிவாரத்து ஸ்டேஷனுக்கு ஓடினார். வாசலில் வேடியப்பனின் மனைவி செல்லியம்மாள் நின்றிருந்தார்.

"சார், பாட்டிலு உங்களுதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் சொன்னா ஏட்டய்யா சிரிக்கிறாரு. காலேஜு வாத்தியாரு சாராயத்துல தவளைய ஊறப் போடுவாரான்றாரு. சாமப் பயிரு முத்தி நிக்குது. நாளைக்கு அவரக் கோர்ட்டுக்கு இட்னு போறாங்களாம். ஜெயில்ல போட்டுட்டா அறுக்கறது யாரு?"

"பார்க்கிறேம்மா" என்றார் பஞ்சாட்சரம். உள்ளே போய்ப் பாட்டிலைப் பார்த்தார்.

ஏட்டு தேவராஜ் பாட்டிலைப் பெருமையோடு தட்டினார். "பேட்டரி போட்ட சரக்கு பாத்துருக்கேன். தவள போட்ட சரக்கு இதான் மொத தடவ." 'போதை ஏறுவதற்காக முழுத் தவளை ஒன்று சேர்த்த சாராயம். தவளையின் முதுகில் மஞ்சள் கோடு' என்று வழக்கில் எழுதியிருந்தார். அந்த இனத்தைப் பற்றி உலகில் எழுதப்பட்ட முதல் விவரணை அது. காவல்துறை முந்திக்கொண்டது.

"விரல்களுக்கு நடுவில் சவ்வு இருக்கான்னு மட்டும் பார்த்துக்கட்டுமா?" என்றார் பஞ்சாட்சரம்.

கம்பிக்குப் பின்னாலிருந்து வேடியப்பன் குரல் கொடுத்தார். "சார், தவளைய அப்பறம் பாருங்க. மொதல்ல என்னப் பாருங்க."

"இன்னாய்யா, இவருதான் அந்த வாத்தியாரா?" என்று வேடியப்பனைக் கேட்டார் ஏட்டு. "பாட்டிலப் பத்தி வாயே தெறக்கல?"

"படிச்சவருங்க. கொஞ்சம் நேரம் ஆவும்."

5

இங்கே எனக்கொரு சிக்கல். பஞ்சாட்சரத்துக்காக நல்ல சாக்கு ஒன்று வைத்திருந்தேன். பாட்டில் தன்னுடையது என்றால் வேலை போகும். வேலை போனால் கிடைத்தற்கரிய அந்தத் தவளையை உலகுக்குச் சொல்ல ஆளிருக்காது. "அறிவியலின் பலிபீடத்தில் ஒரு விவசாயியின் சிறு துன்பம்..." என்று அழகாக எழுதிக்கொண்டுபோனேன்.

செல்லியம்மாள் கெடுத்துவிட்டார். வெளியே போனவர் முந்தானையை மடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தவளதான சார் உங்களுக்குக் கவல? இந்தாங்க. ஸ்டேஷனுக்குப் பின்னாடி, தண்ணித் தொட்டியாண்டயே நெறய கெடக்குது."

உதறினார். அத்தனையும் மஞ்சள் கோடு போட்டவை. மேசையில் ஒன்று, தொப்பிக்குள் ஒன்று. ஏட்டு நாற்காலிமேல் ஏறிக்கொண்டார். கொழுத்த ஒன்று துறைத்தலைவரின் அதே கம்பீரத்தோடு வழக்குத் தாள்மேல் அமர்ந்தது.

சாக்கு போயிற்று. மிச்சம் ஒரு பாட்டிலும் ஒரு வேடியப்பனும்.

6

முடிவு ஒன்று: அவர் சொல்லவில்லை. ரீடர் ஆகிறார். மலையில் சாமைக் கதிர்களைக் குருவிகள்... இந்த வாக்கியத்தை முடிக்கப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: தவளையின் பெயர் துறைத்தலைவருடையது என்று தெரிந்து, ஏட்டு அவருக்குச் சம்மன் அனுப்புகிறார். எழுதும்போதே சிரித்துவிட்டேன். சிரித்து முடித்துப் பார்த்தால், வேடியப்பன் இன்னும் உள்ளேதான் இருந்தார்.

ஆகவே எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பஞ்சாட்சரம் வாயைத் திறந்தார். பாட்டில் என்னுடையது என்ற வாக்கியம் அவருடைய நோட்ஸில் இல்லை. யாரும் சொல்லித்தராத வாக்கியம் எதையும் அவர் இதுவரை சொன்னதில்லை. வலது கை மட்டும் சட்டைப்பையில் பேனாவைத் தேடியது, எழுதிக்கொள்ளத் தயாராக.

நான் சொல்லித்தர முடியாது. கதை எழுதுகிறவன் பேச்சை எந்த ஏட்டும் மதிப்பதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். வேகமாகச் சொல்லாதீர்கள், விட்டுவிடுவார். கமாவையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேடியப்பன் கம்பியில் சாய்ந்துகொண்டு காத்திருக்கிறார். தொடக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொடுக்கிறேன்:

"ஏட்டய்யா, கமா, இந்தப் பாட்டில்